கல்லாறு, காலை எட்டு இருபது

கோவைக்கும் சார்ஜாவுக்கும்
இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
நான்கு மணி நேரம், ஐந்து நிமிடம்.
டிக்கெட்டில் போட்டிருந்தது.
நான் மின்வாரியத்தில் வீடுவீடாகக் கணக்கெடுப்பவன்,
போட்டிருக்கும் எண்ணை நம்பிப் பழகியவன்.

ஜெசிந்தா உள்ளே போனாள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டி பட்டையில் ஏறியது.
அவள் திரும்பிப் பார்த்தது என்னையா,
என் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தையா,
தெரியவில்லை.
நாலேகாலுக்கு ஒரு சத்தம் கிளம்பி மேலே போனது.
அதுதான் என்று வைத்துக்கொண்டு
இரவல் ஆம்னியைத் திருப்பினேன்.

மேட்டுப்பாளையத்தில் மழை.
கல்லாறு தாண்டி இரண்டாவது வளைவில்
சாலைக்குக் குறுக்கே மரம்,
மரத்தின் மேல் மண்,
மண்ணின் மேல் ஒரு போலீஸ்காரரின் டார்ச்.
"ஒரு மணி நேரம் ஆகும்" என்றார்.
மலையில் ஒரு மணி நேரம் என்றால்
அரிவாள் வருகிற வரை,
பிறகு ஜேசிபி வருகிற வரை,
பிறகு ஜேசிபிக்கு டீசல் வருகிற வரை.

முன்னால், முட்டைக்கோஸ் ஏற்றப் போகும் காலி லாரி.
பின்னால் ஒரு கல்யாண வேன்.
பெண்ணும் மாப்பிள்ளையும் குன்னூரில்,
மாலை மட்டும் இங்கே
ஈரத்துணிக்குள் காத்திருந்தது.

மணி ஆறு. அவள் அரபிக்கடலுக்கு மேல்.
போலீஸ்காரர் கொடுத்த பேனாவால் உள்ளங்கையில் வகுத்தேன்:
நிமிடத்துக்குப் பதினோரு கிலோமீட்டர்.
எனக்கு மீதி இருபத்தேழு.
அவள் வேகத்தில் அது இரண்டரை நிமிடம்,
பர்லியாறு, மரப்பாலம், காட்டேரி எல்லாம்
ஒரு கொட்டாவிக்குள் முடிந்துவிடும்.

நேற்றிரவு இறங்கும்போது பர்லியாற்றில்
கடை அடைக்கப் போனவரை நிறுத்தி வாங்கினாள்,
ஆறு மங்குஸ்தான்.
ஒன்றை உடைத்துத் தின்றாள்.
புதுச் சுடிதாரில் கறை பட்டால் போகாது என்று
ஐந்தை டேஷ்போர்டில் வைத்தாள்.
வளைவுக்கு வளைவு அவை
இந்த ஓரம் உருண்டன, அந்த ஓரம் உருண்டன.
நாங்கள் அதிகம் பேசவில்லை.
கியாஸ் புக் எங்கே இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாள்.

எட்டு இருபதுக்குப் போன் வந்தது.
அங்கே ஆறு ஐம்பதாம்.
ஒன்றரை மணி நேரத்தை
வழியில் எங்கேயோ கடலில் போட்டிருக்கிறாள்.
"இறங்கிட்டேன். வீடு போய்ச் சேந்துட்டீங்களா?"
"அப்பவே சேந்துட்டேன்."
நேரம் பார்த்து லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான்.
"அது என்ன சத்தம்?"
"வாசல்ல ஒரு லாரி."

எங்கள் வீட்டுக்கு நாற்பத்தாறு படி.
லாரி வராது, சைக்கிள் வராது,
கியாஸ் சிலிண்டரே தோளில்தான் வரும்.
அவள் "ம்" என்றாள்.
"லாரிய ஓரமா நிறுத்தச் சொல்லுங்க,
பூந்தொட்டி உடஞ்சிடும்."
பிறகு கொஞ்ச நேரம்
இரண்டு பேரும் ஹாரனைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டு வருட ஒப்பந்தம்.
இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கெடுப்பு என்றால்
பன்னிரண்டு ரீடிங்.
அப்படிச் சொன்னால் குறைவாகத் தெரிகிறது
என்று அவளிடம் முன்பு சொல்லியிருக்கிறேன்.
"உங்களுக்கு" என்றாள்.

மரம் நகர்ந்தபோது மணி பத்தரை.
ஐந்து பழத்தையும் தின்று முடித்திருந்தேன்.

படியேறிப் பழக்கத்தில் மீட்டரைப் பார்த்தேன்.
ஓடிக்கொண்டிருந்தது.
கிளம்பும் அவசரத்தில் அவளோ நானோ
குளியலறை விளக்கை அணைக்கவில்லை.
கணக்கெடுக்க இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.
இருந்தாலும் வெள்ளை அட்டையை இழுத்து
எண்ணைக் குறித்தேன்.
ஓரத்தில் கட்டைவிரலின் ஊதா பதிந்துவிட்டது.
துடைத்தேன்.
அவள் சொன்னது சரிதான்.